‘உங்க பேர் என்ன?’ - ரத்தம் ஏற்றும் முன் இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

ராத்திரி 11 மணி. அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது, ஒரு யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டில் ஒரு டியூபையும் ஒரு படிவத்தையும் கையில் கொடுத்து, “பிளட் பேங்க்ல கொடுத்துட்டு வாங்க” என்கிறார்கள். நீங்கள் ஓடுகிறீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தப் பை வருகிறது. நர்ஸ் வந்து மாட்டுகிறார். ‘அப்பாடா’ என்று நீங்கள் செல்போனை எடுக்கிறீர்கள்.

செல்போனைக் கொஞ்ச நேரம் பையிலேயே வைத்திருங்கள். ரத்தம் ஏற்றுவதில் மிக ஆபத்தான நேரமும், தவறைக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும் அந்தச் சில நிமிடங்கள்தான்.

2024 பிப்ரவரியில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் அரசு மருத்துவமனையில் சாலை விபத்தில் காயமடைந்த 23 வயது இளைஞர் ஒருவர் அனுமதிக்கப்பட்டிருந்தார். அவருடைய ரத்தம் ஓ பாசிட்டிவ். ஏற்றப்பட்டதோ ஏபி பாசிட்டிவ். அவர் உயிர் பிழைக்கவில்லை. டாக்டர்கள் 3 பேர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ராஜஸ்தானின் மிகப் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்று அது. பெரிய ஆஸ்பத்திரியில் இப்படியெல்லாம் நடக்காது என்று நினைக்க முடியாது.

இது எப்படி நடக்கிறது? நடந்தால் யார் பொறுப்பு? பக்கத்தில் நிற்கும் நாம் என்ன செய்யலாம்?

தவறான குரூப் ஏறினால் உடலுக்குள் என்ன ஆகும்?

ரத்தத்தில் வகைகள் உண்டு என்பதை 1901-ல் உலகுக்குச் சொன்னவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த விஞ்ஞானி கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். அதற்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூன் 14-ஐத்தான் உலக ரத்த தான தினமாகக் கொண்டாடுகிறோம்.

நம் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு அடையாளங்கள் இருக்கலாம். ஒன்று மட்டும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் இருந்தால் ஏபி. இரண்டும் இல்லையென்றால் ஓ. எந்த அடையாளம் நம்மிடம் இல்லையோ, அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள் நம் பிளாஸ்மாவில் குழந்தைப் பருவத்திலிருந்தே தயாராக இருக்கும். ஓ குரூப் ஆளின் உடலில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் உண்டு.

அப்படிப்பட்டவருக்கு ஏபி ரத்தம் ஏறினால், எதிர்ப்பொருள்கள் உடனே பாய்ந்து புதிய சிவப்பணுக்களை ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைக்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். சிறுநீரகம் திணறும். ரத்த அழுத்தம் சரியும். ரத்தம் உறையும் முறையே குலைந்து, காயமில்லாத இடத்திலும் கசிவு ஏற்படலாம். இதற்கு முழுப் பையும் ஏற வேண்டியதில்லை. சில பத்து மில்லி லிட்டர் போதும்.

அதனால்தான் முதல் 15 நிமிடம் ரத்தத்தை மெதுவாகச் சொட்டவிட்டு, நோயாளியைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது விதி. குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகு அல்லது இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், ஊசி ஏறும் இடத்தில் எரிச்சல், சிறுநீர் சிவப்பாகவோ காபி நிறத்திலோ போவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். “என்னமோ பண்ணுது, பயமா இருக்கு” என்று நோயாளி சொன்னால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. மயக்க மருந்தில் இருப்பவரால் இதில் எதையும் சொல்ல முடியாது. அதனால் ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம் ஏற்றும்போது கூடுதல் கவனம் தேவை.

சரி, தவறு எங்கே நடக்குது?

ஆய்வகத்தில் குரூப்பைத் தப்பாகக் கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதுவும் நடக்கலாம். ஆனால், அங்கே பாதுகாப்பு அடுக்குகள் அதிகம். ஒரு பக்கம் சிவப்பணுக்களைச் சோதிப்பார்கள், இன்னொரு பக்கம் பிளாஸ்மாவைச் சோதிப்பார்கள். இரண்டு முடிவும் ஒத்துப்போக வேண்டும். பிறகு, நோயாளியின் ரத்தத்தையும் கொடுக்கப்போகும் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் ‘கிராஸ் மேட்ச்’ உண்டு. 1952-ல் மும்பையில் கண்டறியப்பட்ட ‘பாம்பே குரூப்’ போன்ற அரிய வகை சாதாரணச் சோதனையில் ஓ குரூப் போலவே தெரியும். அவர்களுக்கு ஓ ரத்தமே சேராது. அதைக்கூட பிளாஸ்மா சோதனையும் கிராஸ் மேட்சும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால், டியூபில் இருப்பது வேறு ஒருவரின் ரத்தம் என்றால்? ஆய்வகம் எவ்வளவு சரியாக வேலை செய்தாலும், தவறான ஆளுக்குச் சரியான முடிவு வரும். அவ்வளவுதான்.

பிரிட்டனில் ரத்தம் ஏற்றுவதில் நடக்கும் தவறுகளைப் பதிவுசெய்ய 1996 முதல் ‘ஷாட்’ என்ற அமைப்பு இயங்குகிறது. பதிவாகும் சம்பவங்களில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக்கூடிய மனிதத் தவறுகள் என்பதை அதன் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இந்தியாவில் இப்படித் தகவல் திரட்டும் தேசியத் திட்டம் 2012 டிசம்பரில் தொடங்கியது.

தவறுகள் முக்கியமாக மூன்று இடங்களில் நடக்கின்றன.

முதல் இடம், ரத்த மாதிரி எடுக்கும் கட்டில். நாலு பேருக்கு வரிசையாக ரத்தம் எடுத்து, டியூப்களை மேஜைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து பெயர் எழுதினால் மாறிப்போக வாய்ப்பு உண்டு. கட்டில் பக்கத்திலேயே, நோயாளியின் முன்னாலேயே எழுத வேண்டும்.

இரண்டாவது, ரத்த வங்கியின் ஜன்னல். ஒரே நேரத்தில் இரண்டு வார்டுகளிலிருந்து ஆள் வந்து நிற்கும்போது, பெயரை மட்டும் கேட்டுப் பையைக் கொடுத்தால் சிக்கல்.

மூன்றாவது, திரும்பவும் அதே கட்டில். பையை மாட்டும் நேரம். முன்னால் நடந்த தவறு எதுவாக இருந்தாலும், அதைப் பிடிக்கக் கடைசி வாய்ப்பு இங்கேதான்.

நம்ம ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே பெண்கள் வார்டில் கே.லட்சுமி, எம்.லட்சுமி, லட்சுமியம்மாள் என்று மூன்று பேர் இருப்பது அதிசயமே இல்லை. பெயரை மட்டும் வைத்து ஆளை உறுதிசெய்ய முடியாது. பெயரோடு வயது, அப்பா அல்லது கணவர் பெயர், உள்நோயாளி எண் எல்லாம் பொருந்த வேண்டும்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்டால், காய்ச்சலில் அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் ‘ம்’ என்று தலையாட்டிவிடுவார். “உங்க பேர் என்ன? வீட்டுக்காரர் பேர் என்ன?” என்று கேட்டால் அவரே சொல்லியாக வேண்டும். இரண்டு கேள்விக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான், ஆனால் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல.

‘இது தீர்ப்பில் நேர்ந்த பிழை அல்ல, அலட்சியம்’

மருத்துவத்தில் எல்லாத் தவறும் குற்றமாகாது. நல்ல டாக்டர் யோசித்து எடுத்த முடிவும் சில நேரம் பலிக்காமல் போகலாம். அதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால், தவறான ரத்தம் ஏற்றுவது அந்த வகையில் சேருமா?

இந்தக் கேள்விக்கு 2009-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. 1996-ல் தீக்காயத்தோடு சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஏ பாசிட்டிவுக்குப் பதிலாக பி பாசிட்டிவ் ரத்தம் ஏற்றப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்தார். தவறான ரத்தம் ஏறிய பிறகும் பல வாரங்கள் உயிரோடு இருந்தார், எனவே மரணத்துக்கு அது காரணமல்ல என்பது மருத்துவமனையின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதாரண அக்கறையோடு வேலை செய்யும் எந்த மருத்துவமனையும் இப்படிச் செய்திருக்காது, எனவே இது தொழில்முறை முடிவில் நேர்ந்த பிழை அல்ல, மருத்துவ அலட்சியமேதான் என்று சொன்னது.

இழப்பீடு 2 லட்சம் ரூபாய். சம்பவம் நடந்து இறுதித் தீர்ப்பு வர 13 ஆண்டுகள் ஆகின.

சாத்தூரில் என்ன நடந்தது?

குரூப் சரியாக இருந்தும் ரத்தம் ஆபத்தாகலாம். அதற்குத் தமிழ்நாடு மறக்க முடியாத உதாரணம் 2018-ல் விருதுநகர் மாவட்டத்தில் நடந்தது.

ரத்தசோகை இருந்த கர்ப்பிணி ஒருவருக்கு சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்தவர் ஓர் இளைஞர், உறவினருக்காக தானம் செய்திருந்தார். சில நாளில் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது தனக்கு எச்ஐவி இருப்பது அவருக்குத் தெரியவந்தது. உடனே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் எச்ஐவி தொற்று உறுதியானது.

விசாரணையில் வெளிவந்த விஷயம் இன்னும் அதிர்ச்சியானது. அந்த இளைஞர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே அவருக்குத் தொற்று இருப்பது சோதனையில் தெரிந்திருக்கிறது. ஆனால், அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை. தெரிந்திருந்தால் அவர் இரண்டாவது முறை ரத்தம் கொடுக்கவே வந்திருக்க மாட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எச்ஐவி உடலில் நுழைந்த உடனே சோதனையில் தெரியாது. சில நாள்களில் இருந்து சில வாரங்கள் வரை சோதனைக்குச் சிக்காத ஓர் இடைவெளி உண்டு. ‘நாட்’ எனப்படும் நவீன சோதனை அந்த இடைவெளியைச் சுமார் 10 நாள்களாகக் குறைக்கும். நம் நாட்டில் அது கட்டாயம் இல்லை. ஆனால், சாத்தூர் சம்பவத்துக்கு இந்த இடைவெளியைக் காரணமாகச் சொல்ல முடியாது. 2016-ல் தெரிந்த தொற்று 2018-ல் சாதாரண சோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகளும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சட்டப்படி கட்டாயம். எனவே இதுவும் மனிதத் தவறுதான்.

ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-ல் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

யாரிடம் முறையிடுவது?

1995-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால், வழி அடைபட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, சிவில் வழக்கு, மாநில மனித உரிமை ஆணையம் ஆகிய வழிகள் உண்டு. ரத்தம் சட்டப்படி ஒரு ‘மருந்து’. ரத்த வங்கிகள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். எனவே அந்தத் துறையிடமும் புகார் தரலாம்.

டாக்டர் மீது கிரிமினல் வழக்கு என்றால் அளவுகோல் கடினமானது. சாதாரண கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது.

எந்த வழியில் போனாலும் கையில் காகிதம் வேண்டும். 2002-ல் ராணுவ மருத்துவமனையில் ஏற்றப்பட்ட ரத்தத்தால் எச்ஐவி தொற்றிய விமானப்படை வீரர் ஒருவருக்கு, அது 2014-ல்தான் தெரியவந்தது. பழைய மருத்துவ ஆவணங்களைப் பெறுவதற்கே அவர் போராட வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சுமார் 1 கோடியே 54 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான ஒழுங்குவிதி. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

பக்கத்தில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்?

• ரத்தம் ஏற்றச் சொன்னால், “எதுக்காக ஏத்தறீங்க டாக்டர், வேற வழி இருக்கா?” என்று கேளுங்கள். அவசரமில்லாத ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ போதுமானதாக இருக்கலாம். ஏற்றாத ரத்தத்தால் தவறும் நடக்காது. சம்மதப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

• ஆபீஸ் ஐ.டி. கார்டிலோ டிரைவிங் லைசென்ஸிலோ இருக்கும் குரூப்பை நம்பி மருத்துவமனை ரத்தம் ஏற்றக் கூடாது, புதிதாகச் சோதிக்க வேண்டும். அதே நேரம், வீட்டில் தெரிந்த குரூப்பும் பையில் இருக்கும் குரூப்பும் வேறாக இருந்தால், “இவங்களுக்கு வேற குரூப்னு சொல்லியிருந்தாங்களே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். காரணம் சரியானதாகவே இருக்கலாம். உதாரணமாக, அவசரத்தில் ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களை யாருக்கும் கொடுப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

• மாதிரி எடுத்ததும், உங்கள் முன்னாலேயே டியூபில் பெயரும் எண்ணும் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். டியூபை நீங்களே கொண்டுபோவதாக இருந்தால், டியூபிலும் படிவத்திலும் இருப்பது ஒன்றுதானா என்று வாசித்துப் பாருங்கள்.

• பை வந்ததும் பெயர், உள்நோயாளி எண், குரூப், பையின் எண், காலாவதி தேதி ஆகியவற்றை இரண்டு பேர் சத்தமாக வாசித்துச் சரிபார்க்க வேண்டும். நோயாளியின் கையில் இருக்கும் பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒப்பிட வேண்டும். இதைச் செய்யவில்லை என்றால், “சிஸ்டர், ஒரு தடவை செக் பண்ணிடலாமா?” என்று பணிவாகக் கேளுங்கள்.

• பையைக் கொண்டுவரும் வழியில் டீ குடிக்க நிற்காதீர்கள். சிவப்பணு ரத்தம் 2 முதல் 6 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. வெளியே எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சூடாக்குவதாக நினைத்து வெந்நீரில் போடவோ வெயிலில் வைக்கவோ கூடாது.

• முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகராதீர்கள். மேலே சொன்ன அறிகுறி ஒன்று தெரிந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவதுதான். பிறகு டாக்டர் வந்து மற்றதைப் பார்ப்பார்.

• அப்படி நடந்தால் அந்தப் பையைக் குப்பையில் போட விடாதீர்கள். பையும் நோயாளியின் புதிய ரத்த மாதிரியும் ரத்த வங்கிக்குத் திரும்பப் போக வேண்டும். என்ன நடந்தது என்பதைச் சொல்லும் முக்கிய சாட்சி அதுதான்.

“கேட்டா கோவிச்சுக்குவாங்களோ” என்ற தயக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஒரு நர்ஸ் ராத்திரி டியூட்டியில் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்பதும் நமக்குத் தெரியும். சண்டை போடச் சொல்லவில்லை. களைத்துப்போன இரண்டு கண்களோடு இன்னும் இரண்டு கண்கள் சேர்வது அவருக்கும் பாதுகாப்புதான்.

அப்போ ரத்தம் ஏற்றவே பயப்படணுமா?

வேண்டாம். பிரசவத்தில் ரத்தப்போக்கு, விபத்து, புற்றுநோய் சிகிச்சை, தலசீமியா என்று இன்று பிழைத்திருக்கும் எத்தனையோ பேர் யாரோ கொடுத்த ரத்தத்தால்தான் பிழைத்திருக்கிறார்கள். தேவைப்படும்போது பயந்து மறுப்பது இன்னும் பெரிய ஆபத்து. ரத்தம் கொடுப்பதிலும் பயம் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியும் புதிய பையும்தான். கொடுக்கும் முன் தரும் படிவத்தில் கேட்கும் அந்தரங்கக் கேள்விகளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். உறவினருக்காகக் கொடுக்கப் போய், பக்கத்தில் மாமா நிற்கிறார் என்று எதையும் மறைக்காதீர்கள். தனியாகச் சொல்லிவிட்டு, கொடுக்காமல் திரும்பி வருவதில் அவமானம் எதுவும் இல்லை.

சாத்தூர் கதையில் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. அந்தக் கர்ப்பிணிக்கு உடனே எச்ஐவி சிகிச்சை தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது.

அந்தச் சிகிச்சை சரியான நேரத்தில் தொடங்கியதற்குக் காரணம், ரத்தம் கொடுத்த இளைஞர் தானாக முன்வந்து உண்மையைச் சொன்னதுதான். முகாம், ஆய்வகம், பதிவேடு எல்லாம் தவறவிட்டதை அவர் ஒருவர் செய்தார். மன உளைச்சலில் தவறான முடிவெடுத்த அவர், குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 2018 டிசம்பர் 30-ல் இறந்துபோனார். 2016-ல் ஒருவர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால், அவருக்கும் அப்போதே சிகிச்சை கிடைத்திருக்கும். அந்தப் பெண்ணும் வேறு பையில் இருந்த ரத்தத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.